மகன் இருக்கிறானா என்று கேட்டார்கள்

தம்பி, நீ டீக்கடை போனில் சொன்ன சேதி எனக்கு வந்து சேர்ந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லோர் காதிலும் விழும்படிதான் கடைக்காரர் சொன்னார். திருப்பூரிலேயே கோயிலில் வைத்துக் கல்யாணம், பெண் உன்னோடு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், பெயர் ரேவதி, தேதி பிறகு சொல்வாய் என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. ஆனாலும் அதை முகத்தில் காட்டவில்லை. ஏற்கெனவே தெரிந்த விஷயம் போலத் தலையை ஆட்டிவிட்டு லயத்து வரிசை வீட்டுக்கு ஏறி வந்துவிட்டேன். பெற்ற மகனின் கல்யாணச் சேதியைக் கேட்டுவிட்டு ஒருத்தி ஏன் அப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நீ கேட்பாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மகனைப் பற்றி நாலு பேர் முன்னால் பேசுவது இங்கே இப்போது யோசித்துச் செய்ய வேண்டிய காரியமாகிவிட்டது. நீ போனபோது அப்படி இல்லை.

நீ போகும்போதே பச்சைத் தேயிலை விலை சரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு அது எழுந்திருக்கவே இல்லை. ஃபாக்டரி வாரத்தில் பாதி நாள்தான் ஓடுகிறது, பாதி நாள் புகையில்லாமல் நிற்கிறது. வருஷா வருஷம் கொடுக்கும் கம்பளியை முதலில் நிறுத்தினார்கள். பிறகு, நாங்கள் கொழுந்துக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் பால் நின்றது, ஆயா நின்றாள், கடைசியில் கதவைப் பூட்டினார்கள். டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் மாற்றலாகிப் போனார், வேறு ஆள் வரவில்லை. ஆபீசில் போய்க் கேட்டால், இனிமேல் இதெல்லாம் அரசாங்கம் பார்க்கும், கம்பெனிக்குச் சக்தியில்லை என்கிறார்கள். பஞ்சாயத்தில் போய்த் தண்ணீர்க் குழாய் கேட்டால், அது எஸ்டேட் நிலம், நாங்கள் கை வைக்க முடியாது என்கிறார்கள். இரண்டு பக்கமும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அடுத்தவரைக் கை காட்டுகிறவர்கள் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவார்கள்.

அம்மா எல்லாவற்றிலும் சந்தேகப்படுவாள் என்று நீ சிரிப்பாய். ஓட்டு கேட்டு வந்தவர்கள் கொடுத்த சேலையை நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததை நீ உன் சேக்காளிகளிடம் நடித்துக் காட்டியது எனக்குத் தெரியும். ஆனால் இந்தச் சந்தேகம் சும்மா வந்ததல்ல. நாங்கள் சிலோனில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது, இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி எங்கள் தலையை எண்ணிப் பங்கு போட்டார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை. ஒரு நாள், இந்தியாவுக்குப் போக வேண்டியவர் என்று உன் அப்பாவின் பெயர் ஒரு தாளில் வந்தது. அந்தத் தாள் வந்த பிறகு நாங்கள் அந்த மலையில் இருக்கக்கூடாது. அவ்வளவுதான். கப்பலேறி மண்டபம் முகாமில் வந்து இறங்கியபோது, ஒரு ஆள் வந்து கடை வைக்கக் கடன் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்றான். உன் அப்பா வாழ்நாளில் ஒரு படி உப்புகூட விற்றதில்லை. "எனக்குத் தெரிஞ்ச வேல தேயிலதான், தேயில இருக்கிற எடத்துக்கு அனுப்புங்க" என்று அவர் பிடிவாதமாக நின்றதால்தான் நாம் இந்த மலைக்கு வந்தோம். கடனை வாங்கியவர்களும் இருந்தார்கள். எங்கோ வெயில் ஊரில் ஒரு வருஷம் கடை என்று பெயருக்கு நடத்தி, தரகன் ஒருவனிடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பிறகு வெறுங்கையோடு நம் லயத்துக்கே வந்து சேர்ந்த குடும்பம் ஒன்று உனக்கே தெரியும். உன் செவனம்மா பெரியம்மா குடும்பம்தான் அது.

இந்தக் கடிதத்தில் அவள்தான் முக்கியம். பக்கத்துக் காம்பராவில் இருந்துகொண்டு உன்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள். புருஷன் போன பிறகு, வயதாகி வேலையும் நின்ற பிறகு, அவளுக்கு முதியோர் பென்ஷன் வந்துகொண்டிருந்ததே, தபால்காரர் கொண்டுவந்து கொடுப்பாரே, ஞாபகம் இருக்கும். அது எப்படிக் கிடைத்தது என்பது உனக்குத் தெரியாது. ஆதரவில்லாதவர்களுக்குத்தான் அந்தப் பென்ஷன். வளர்ந்த மகன் இருந்தால் கிடையாது. விண்ணப்பம் எழுதிக் கொடுத்த ஆளே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். விசாரிக்க வந்தபோது அவளும் அப்படியே சொன்னாள்: "ஒரு மகன் இருந்தான்ங்க, எங்க போனான்னே தெரியல." அவள் மகன் லோகு அப்போது மேட்டுப்பாளையம் காய்கறி மண்டியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். எங்கே இருக்கிறான் என்று அவளுக்கும் தெரியும், எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அவன் இந்த லயத்துக்குள் கால் வைக்க முடியாமல் போனது. வந்தால் யாராவது பார்ப்பார்கள். பார்த்தால் யாராவது சொல்வார்கள்.

அவனுக்குக் கல்யாணமாகி ஒரு பெண்குழந்தையும் பிறந்தது. பேத்தியைப் பார்க்க இவள் எங்கே போவாள் தெரியுமா? பர்லியாருக்கு. கோத்தகிரி வழி பஸ்ஸில் நேரே மேட்டுப்பாளையத்துக்குப் போனால் நம் லயத்து ஆட்கள் யாராவது ஏறுவார்கள் என்று, குன்னூருக்குப் போய், அங்கிருந்து வேறு பஸ் பிடித்து இறங்குவாள். அவன் கீழேயிருந்து பெண்டாட்டி பிள்ளையோடு ஏறி வருவான். பழக்கடை வரிசைக்குப் பின்னால் ஒரு பலா மரத்தடியில் உட்கார்ந்து இவர்கள் கொஞ்ச நேரம் குடும்பம் நடத்துவார்கள். ஒரு முறை துணைக்கு என்னையும் கூட்டிப் போனாள். அவள் வறுத்துக் கொண்டுபோன கடலையைக் குரங்கு பறித்துக்கொண்டு போய்விட்டது, குழந்தை அழுதது, இவள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு பழக்கடைகளைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். பஸ் வந்ததும் அந்தப் பிள்ளை ஜன்னல் வழியாகக் கையாட்டி, "பர்லியார் அப்பாயி, போயிட்டு வாறேன்" என்றது. அப்பாயி வீடு அந்தப் பழக்கடைதான் என்று அது நினைத்துக்கொண்டிருந்தது.  குன்னூரில் இறங்கிய பிறகு செவனம்மா, பர்லியாரில் தெரிந்த முகம் யாராவது இருந்ததா என்று மட்டும் என்னிடம் கேட்டாள்.

இனி என் கதை. எஸ்டேட்டில் என் வேலை முடிந்ததும் கட்டபெட்டுப் பக்கம் சின்னத் தோட்டக்காரர்களிடம் தினக்கூலிக்குப் போய்க்கொண்டிருந்தேன். கூலி கொடுத்துப் பறித்தால் கட்டுபடியாகவில்லை என்று அவர்கள் கொழுந்தைச் செடியிலேயே முற்ற விட்டுவிட்டார்கள். இடுப்புயரச் செடி இப்போது ஆள் உயரத்துக்கு நிற்கிறது. உன்னிடமிருந்தும் சித்திரைக்குப் பிறகு பணம் வரவில்லை. நான் கேட்கவில்லை. லயத்தில் எல்லோரும் சொல்லிச் சொல்லி, நானும் பென்ஷனுக்கு எழுதிப் போட்டேன். கொஞ்ச நாளில் விசாரணைக்குத் தாலுகா ஆபீசிலிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அந்த ஆர்.ஐ., வந்தார். அன்னூர்ப் பக்கத்து ஆள், உன்னைவிடச் சில வயது மூத்தவர். ஏறி வந்த மூச்சிரைப்போடு வாசலில் நின்றபடியே உள்ளே கண்ணை ஓட்டினார். அடுப்பு, கட்டில், சுவரில் உன் படம். எல்லாவற்றையும் பார்த்தார். நானும் அவர் என்ன பார்க்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் படத்தைக் காட்டி யார் என்றார். மகன் என்றேன். பணம் அனுப்புகிறானா என்றார். முன்னே அனுப்பினான், கொஞ்ச நாளாக இல்லை, கம்பெனியில் வேலை இல்லையோ என்னவோ என்றேன். அவர் ஏதோ எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னேன். இப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது, தயங்கித்தான் படித்தார். மகனால் கைவிடப்பட்டவர் என்று இருந்தது.

"நான் அப்படிச் சொல்லலியேய்யா. அவனுக்கு வேல இல்லன்னு எழுதுங்க" என்றேன்.

"அதுக்கு இந்த ஃபாரத்துல எடமில்லீங்கம்மா" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மகன் இருக்கான், காப்பாத்தறான்னு எழுதுனா உங்களுக்குக் கெடைக்காது. இப்படி எழுதுனாத்தான் நான் மேல அனுப்ப முடியுமுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றனுங்க" என்றார்.

நல்லதுக்குத்தான் என்று யாராவது சொன்னால் எனக்கு உள்ளே ஒரு கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். யோசிக்க வேண்டும் என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோல என்னைப் பார்த்தார். அடுத்த முறை இந்தப் பக்கம் வரும்போது கேட்டுக்கொள்கிறேன், அதுவரை அனுப்பாமல் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தம்பி, அவர் போன பிறகு அந்தக் கேள்வி போகவில்லை. பணம் அனுப்புகிறானா? ஏன் அனுப்பவில்லை? அதுவரை நான் உன்னைப் பற்றி அப்படி யோசித்ததே இல்லை. ஷிப்ட் இல்லாமல் இருப்பான், பாவம் என்றுதான் இருந்தேன். இப்போது அரிசி களையும்போது யோசனை வருகிறது. உன் படத்தைத் துடைக்கும்போது வருகிறது. எவனோ ஒருவன் மலையேறி வந்து, பெற்றவள் மனதில் பிள்ளையைப் பற்றி ஒரு சந்தேகத்தை வைத்துவிட்டுப் போக முடிகிறது பார்.

அந்த மாதமே செவனம்மாவின் பென்ஷன் நின்றது. தபால்காரர் வந்தார், அவள் பெயருக்கு எதுவும் வரவில்லை என்றார். அடுத்த மாதமும் அதேதான். தாலுகா ஆபீசுக்குப் போய்க் கேட்டதில், மகன் இருப்பது தெரியவந்திருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். யார் சொன்னது என்று சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. ஆர்.ஐ. வந்தது என் வாசலுக்கு. குரலைத் தாழ்த்திப் பேசியது என்னிடம். பர்லியாருக்குக் கூடப் போய் மகனைக் கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்திதான். தன் பென்ஷனுக்காக அவளுடையதைக் காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று லயம் முடிவு செய்துவிட்டது. குழாயடிக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடும். நானும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்து, நீயா, நீயா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். டீக்கடைக்காரர் மேல் சந்தேகம், ஊர்ச் செய்தி முழுவதும் அந்தப் போனில்தானே வருகிறது. பழைய கணக்கப்பிள்ளை மேல் சந்தேகம், அவருடைய பென்ஷன் விண்ணப்பம் இரண்டு தடவை திரும்பி வந்த வயிற்றெரிச்சல் இருக்கும். அதனால்தான் உன் கல்யாணச் சேதியைக் கேட்டும் சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் வந்தேன். மகன் கல்யாணம் செய்கிறான் என்றால் கையில் காசு இருக்கிறது என்று அர்த்தம் பண்ணிக்கொள்ள இங்கே இப்போது ஆட்கள் இருக்கிறார்கள்.

ஒரு நாள் செவனம்மாவே என் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"நீயாடி சொன்ன?"

"நான் இல்லக்கா."

"அப்ப அந்த ஆளு கிட்ட அம்புட்டு நேரம் என்னா பேசுன?"

என் மகனைப் பற்றிப் பேசினேன் என்றேன். அவள் நம்பவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தன் காம்பராவுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் எங்கள் இருவர் கதவும் பகலில் சாத்தியிருந்ததில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை லோகு வந்தான். ஒளிந்து வரவில்லை. வெயில் நன்றாக ஏறிய பிறகு, ஃபாக்டரிப் பாதையில், தோளில் ஒரு மூட்டை காரட்டோடு, பின்னால் பெண்டாட்டி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை. குழாயடியில் நின்றவர்கள் குடத்தை அப்படியே விட்டுவிட்டுப் பார்த்தார்கள். செவனம்மா வெளியே வந்தவள், மகனைக் கண்டதும் முதலில் செய்தது இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்ததுதான்.

"உள்ள போடா, ஆளுக பாக்குறாங்க" என்றாள்.

"பாக்கட்டும்மா" என்றான் அவன். "நாந்தான் ஆபீசுல போயிச் சொன்னேன். எங்கம்மாவுக்கு நான் இருக்கேன்னு சொல்லி, பேரு வெலாசம் எல்லாம் குடுத்துட்டு வந்தேன்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், உன்னை யார் கேட்டது, நான் சோற்றுக்கு என்ன செய்வேன், உன் மண்டிக் கூலியில் மூன்று பேர் சாப்பிடுவதே கஷ்டம், நாலாவது வாயை எங்கே வைப்பாய் என்று லயமே கேட்கும்படி திட்டினாள். அவன் தலையைக் குனிந்து திட்டை வாங்கிக்கொண்டு, பிறகு காரணத்தைச் சொன்னான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அப்பாயி வீடு எங்கே என்று கேட்டதற்குப் பிள்ளை பழக்கடை என்று சொல்லியிருக்கிறது, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். "வீட்டுக்கு வந்து அழுதுச்சும்மா. என்னால தாங்க முடியல" என்றான்.  அவள் திட்டுவதை நிறுத்தாமலே உள்ளே போய் உலை வைத்தாள்.

அவன் செய்தது சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மறைந்து வாழ்வது போதும் என்று அவன் நினைத்தது நியாயம்தான். ஆனால் அவளைக் கேட்காமல் செய்தான். இப்போது மாதத்துக்கு ஒரு முறை வருகிறான், முடிந்ததைக் கொடுக்கிறான், அது பென்ஷன் அளவுக்கு இல்லை. அவள் ஒரு வேளைச் சோற்றைக் குறைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குச் சந்தேகம். கேட்டால் பசியில்லை என்கிறாள். பேத்தி வந்தால் மட்டும் இரண்டு வேளையும் அடுப்பு எரிகிறது. என்னைச் சந்தேகப்பட்டதற்கு லயத்தில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. லோகு வந்த அன்று சாயங்காலம் செவனம்மா அந்தப் பிள்ளையிடம் ஒரு முறம் காரட் கொடுத்தனுப்பினாள். நான் வாங்கிக்கொண்டேன். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. மறுநாள் அவள் கதவு திறந்திருந்தது.

போன வாரம் ஆர்.ஐ. மறுபடியும் வந்தார். என் தாளைக் கையோடு கொண்டுவந்திருந்தார். யோசித்தீர்களா என்றார்.

"எனக்கு மகன் இருக்கான்யா. முடியறப்ப அனுப்புவான். அப்படி எழுத எடமிருந்தா எழுதுங்க, இல்லாட்டி விடுங்க" என்றேன்.

"அப்பறம் நாளைக்கு வந்து கேட்டாலும் கஷ்டமுங்கம்மா" என்றார். தெரியும் என்றேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார்.  குடிக்கத் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன், போய்விட்டார்.

உன்மேல் உள்ள பாசத்தில் மட்டும் அப்படிச் சொன்னேன் என்று நினைத்து உருகிவிடாதே. எனக்குத் தாளைக் கண்டால் பயம். உன் அப்பாவின் பெயர் ஒரு தாளில் ஏறியதற்கே ஒரு கடலைத் தாண்ட வேண்டி வந்தது. பெற்றவளைக் கைவிட்டவன் என்று உன் பெயர் ஒரு தாளில் ஏறினால் அது எந்த ஆபீசில், எந்த அலமாரியில் கிடக்கும், என்றைக்கு யார் எடுத்து உன்முன் நீட்டுவார்கள் என்று எனக்குச் சொல்ல முடியுமா? உனக்குப் பிள்ளைகள் பிறந்து அவர்களுக்கு ஒரு சர்டிபிகேட் வேண்டிப் போய் நிற்கும்போது நீட்டினால்? சிரிக்காதே. வேறு தேசத்தில் பிறந்து வளர்ந்தவளை அது உன் தேசமில்லை என்று சொல்ல ஒரு தாள் போதுமாக இருந்தது.

கொடுப்பதை வாங்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ரேவதிக்குப் பிரசவ உதவி கிடைத்தால் வாங்குங்கள். ரேஷன் கார்டில் அவள் பெயரைச் சேர்த்துவிடு, தள்ளிப்போடாதே. கம்பெனியில் உன் பெயரைப் பதிந்திருக்கிறார்களா, பி.எஃப். பிடிக்கிறார்களா, பிடித்ததைக் கட்டுகிறார்களா என்று நீயே போய்க் கேள், மேஸ்திரி வாயால் சொல்வதை நம்பாதே. உழைத்தவனுக்கு வயதான காலத்தில் ஒரு பிடி சோறு கொடுப்பது தர்மம் அல்ல, அவன் பங்கு. அதை வாங்க வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அதற்கு விலையாக உன் வீட்டு ஆளைப் பற்றி இல்லாததைச் சொல்லச் சொன்னால், அங்கே மட்டும் நின்று யோசி. ஏனென்றால் சொன்ன பிறகு அதற்கேற்றபடி வாழ வேண்டியிருக்கிறது. செவனம்மா அப்படித்தான் அத்தனை வருஷம் பஸ் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தாள். இன்னொன்று, லோகு மாதிரியும் செய்யாதே. ரேவதியைக் கேட்காமல் அவள் சோற்றைப் பற்றி எதையும் முடிவு செய்யாதே, நல்ல மனதோடு செய்தாலும்.

கல்யாணத்துக்கு நான் வருகிறேன். செவனம்மாவும் வருவாள், டிக்கெட்டுக்கு வழி பண்ணிக்கொள்வோம், அதற்காக நீ எதையும் அனுப்ப வேண்டாம்.

கடைசியாக ஒன்று இருக்கிறது. ஆர்.ஐ. கேட்டுவிட்டுப் போன கேள்வியை என்னால் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு உன் கல்யாணத்தில் வந்து நிற்க முடியாது. சித்திரைக்குப் பிறகு நீ பணம் அனுப்பவில்லை. வேலை இல்லாமல் இருந்தாயா? கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்தாயா? அல்லது அம்மா எப்படியும் சமாளிப்பாள் என்று விட்டுவிட்டாயா? எதுவாக இருந்தாலும் உள்ளதை எழுது. எனக்குக் கோபம் வரும் பதிலாக இருந்தாலும் எழுது, கோபப்பட்டுவிட்டு வருகிறேன். அந்த மனுஷனிடம் எனக்கு மகன் இருக்கிறான் என்று சொன்னபோது இதில் எது உண்மை என்று எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் சொன்னேன்.

அம்மா